சிலைக்குக் கிடைத்த பதவி உயர்வு

நகராட்சித் தலைவர் வாங்கிய புது காருக்கு நீளம் அதிகம். ரவுண்டானாவில் ஒரே வெட்டில் திரும்ப மறுத்தது. பின்னால் எடுத்து, முன்னால் போய், மறுபடி பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆகவே போரில் இறந்தவர்களை இடம் மாற்றுவது என்று நகர்மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது.

போரில் இறந்தவர்கள் ரவுண்டானாவின் நடுவில் இருந்தார்கள். வெண்கலத்தில் ஒரு சிப்பாய், தலை குனிந்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றியபடி நின்றான். அவன் காலடியில் கதவளவு கருங்கல் பலகை ஒன்று. அதில் பெயர்கள்.

எதிரே ஒரு சலூன். சலூன்காரரின் மகன் பெயர் அந்தக் கல்லில் கடைசிக்கு முந்தின வரி.

மகன் நல்ல உயரம். ஒல்லி. வீட்டில் ஒட்டடை என்றுதான் கூப்பிட்டார்கள். போருக்குப் போனான். உடல் வரவில்லை. ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது. அது அவன் அளவே இல்லை. சலூன்காரர் போய் விசாரித்தபோது, அளவு பார்த்து அனுப்ப இது என்ன செருப்புக் கடையா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாக இருந்ததால் அவர் திரும்பி வந்துவிட்டார்.

ஆக, மகன் என்று மிஞ்சியது அந்த ஒரு வரி. நாற்காலியில் ஆளை உட்கார வைத்துவிட்டு எதிர்க் கண்ணாடியைப் பார்த்தால் ரவுண்டானா தெரியும். எழுத்து தெரியாது. வரி இருக்கும் இடம் தெரியும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது ஈரத்துணியால் கல்லைத் துடைத்துவிட்டுப் பிறகு கடைக்குள் வருவாள். அவளுக்கு முழங்கால் தேய்மானம். கல்லைத் துடைக்கக் குனிவதற்கு ஒரு நேரம், நிமிர்வதற்கு இன்னொரு நேரம்.

இடமாற்றச் செய்தியை ஒரு வாடிக்கையாளர்தான் கடைக்குக் கொண்டுவந்தார்.

“அண்ணே, உங்க பையனுக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருச்சு.”

“செத்தவனுக்கு என்னய்யா டிரான்ஸ்ஃபர்?”

“சர்க்கார் வேலைன்னா அப்படித்தான். உயிரோட இருந்தாலாவது ஆளைப் பிடிச்சு ரத்து பண்ணலாம்.”

சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு நகராட்சிக்குப் போனார்.

அங்கே மரியாதைப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. வருகிறவர்கள் உட்கார நாற்காலிகளும், உட்காரக் கூடாது என்று அவற்றின் மேல் கட்டிய கயிறும் இருந்தன. மரியாதை அதிகாரி மேசைமேல் பொம்மைக் குதிரைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு குதிரை விழுந்துகொண்டே இருந்தது. அதை ஒவ்வொரு முறையும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

“சொல்லுங்க. யாரு செத்தது?”

“என் பையன் சார். ரவுண்டானா கல்லுல பேரு இருக்கு. அதை எங்க கொண்டுபோறீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு.”

“புதுச் சதுக்கம். புறவழிச்சாலைப் பக்கம்.”

“அவ்வளவு தூரமா? என் சம்சாரத்துக்கு முழங்கால் சரியில்ல சார்.”

“போருக்குப் போனவங்க தூரம் பார்த்தாங்களா?”

மகனை ரயில் ஏற்றிவிடும்போது எவ்வளவு தூரம் என்று சலூன்காரரே கேட்டிருந்தார். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

“எங்க வேணா வைங்க சார்,” என்றார். “வேண்டாம்னு சொல்லல. எங்க இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியணும். போய்ப் பார்க்கற இடமா இருக்கணும். அவ்வளவுதான்.”

“என்ன இப்படிச் சொல்லிட்டீங்க? மூட்டை மாதிரி லாரியில அள்ளிப் போட்டுட்டுப் போவோம்னு நினைச்சீங்களா? குதிரைப்படை அணிவகுப்போட போகுது. முன்னாடி குதிரை, பின்னாடி குதிரை, நடுவுல வண்டி. உங்க பையன் உயிரோட இருந்திருந்தா இந்த மரியாதை கிடைச்சிருக்குமா? யோசிச்சுப் பாருங்க.”

சலூன்காரர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். கிடைத்திருக்காதுதான்.

சிக்கல் அடுத்த வாரம் முளைத்தது. குதிரைப்படை விதிகளை மரியாதை அதிகாரி அப்போதுதான் படித்திருந்தார். குதிரை அணிவகுப்பு கேப்டன் அந்தஸ்துக்கும் அதற்கு மேலும்தான். ரவுண்டானாவில் நிற்பவனோ வெறும் சிப்பாய். அதற்குள் தலைவர் குதிரைமேல் உட்கார்ந்து படம் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். படம் நன்றாக வந்திருந்தது. விதியை மாற்ற முடியாது, படத்தையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதாக இருந்தது சிலை ஒன்றுதான்.

பதவி உயர்வுக் குழு கூடியது. சிலையின் பணிக்காலத்தை ஆராய்ந்தது. விடுப்பு எடுத்ததில்லை. தண்டனை இல்லை. மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதாகப் பதிவு இல்லை. ஓர் உறுப்பினர் மட்டும், துறைத் தேர்வு எழுதவில்லையே என்று முனகினார். இந்த அறையில் யார் எழுதினோம் என்று இன்னொருவர் கேட்டார். சிலை கேப்டன் ஆனது.

விழா ரவுண்டானாவிலேயே நடந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் சார்பில் கைதட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துக் கடை என்பதால் சலூன்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றார். தலைவர் ஏணியில் ஏறிச் சிலையின் தோளில் நட்சத்திரங்களை ஒட்டினார். இறங்கிவந்து பேசினார்.

“எத்தனை வருஷமா இவர் நிக்கறாரு! வெயில்ல நின்னாரு. மழையில நின்னாரு. காக்கா தலையில உக்காந்துச்சு, அசைஞ்சாரா? ஒரு நாளாவது சம்பளம் கேட்டாரா? பென்ஷன் கேட்டாரா? என்னைப் பார்க்கணும்னு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாரா? இந்த மாதிரி ஆளுங்கதான் நாட்டுக்கு வேணும். உயிரோட இருக்கறவங்க இவரைப் பார்த்துக் கத்துக்கணும். இவருக்குக் குடும்பம் இல்ல. அதனால தொந்தரவும் இல்ல!”

சலூன்காரர் தட்டினார். ஒரு கையில் கத்தரிக்கோல் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை. மரியாதை அதிகாரி அவரை முறைத்தார்.

கேப்டன் ஆனவர் தலை குனிந்து நிற்கலாமா? கூடாது. கழுத்தை அறுத்து, தலையை நிமிர்த்தி ஒட்டினார்கள். ஒட்டியதில் முகம் கொஞ்சம் திரும்பிவிட்டது. இப்போது சிலை நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்தது. அது குறையல்ல என்று குறித்துக்கொண்டார்கள். துப்பாக்கியைப் பிடுங்கி வாளைக் கொடுத்தார்கள். பிறகு மீசை. அதிகாரி என்றால் மீசை வேண்டாமா? மீசைக்கு யாரைக் கேட்பது என்று வந்தபோது மறுபடியும் சலூன்காரரைக் கூப்பிட்டார்கள்.

“உங்களுக்குத்தான் மீசை விஷயம் தெரியும். எது எடுப்பா இருக்கும்?”

சலூன்காரர் ஏணியில் ஏறினார். கரித்துண்டால் ஒரு மெல்லிய மீசை வரைந்தார். ஒட்டடைக்கு அரும்பிக்கொண்டிருந்த மாதிரி. கீழே இருந்து பார்த்தவர்கள், இது கேப்டன் மீசை மாதிரி இல்லை, தபால்காரர் மீசை மாதிரி இருக்கிறது என்றார்கள். அதை அழித்துவிட்டுத் தலைவரின் மீசையை அளவெடுத்து வார்த்து ஒட்டினார்கள். எல்லோருக்கும் திருப்தி.

மரியாதை அதிகாரி ஒரு காலை ஷேவிங்குக்கு வந்தபோதுதான் அடுத்த செய்தி வெளியானது. சலூன்காரர் அவர் கழுத்தில் நுரை பூசிக் கத்தியை வைத்திருந்தார். கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. மரியாதை அதிகாரி விதி பேசினார்.

“கல்லு விஷயம் ஒண்ணு இருக்கு.”

“அசையாதீங்க சார்.”

“சிலை இப்போ கேப்டன். கல்லுல இருக்கறவங்க எல்லாம் சிப்பாய். ஒரே பீடத்துல எப்படி இருக்க முடியும்? கேப்டன் சாப்பிடற இடம் வேற, சிப்பாய் சாப்பிடற இடம் வேற. படுக்கறது வேற. பட்டாளத்துல இதெல்லாம் உயிருக்குச் சமம்.”

“இத்தனை வருஷமா ஒண்ணாத்தானே சார் இருந்தாங்க?”

“அப்போ எல்லாரும் ஒரே ரேங்க். நண்பர்கள். இப்போ அப்படி இல்ல. அதனால சிலை குதிரைப்படையோட போகுது. கல்லு பின்னால சாமான்களோட வரும். முதல்ல பொதுப்பணி யார்டு. அப்புறம் இரண்டாம் கட்டம்.”

“இரண்டாம் கட்டம் எப்போ சார்?”

“முதல் கட்டம் முடிஞ்சா யோசிப்போம்.”

“யார்டுல இருக்கும்ல? நான் போய்ப் பார்க்கலாம்ல?”

“தாராளமா. உங்க சொத்து அது. கத்தி கொஞ்சம் மொண்ணையா இருக்கே?”

கத்தி மொண்ணை இல்லை. சலூன்காரரின் கைதான் அழுத்த மறந்திருந்தது.

அன்றைக்கே லாரி வந்தது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒருவருக்கு முடி வெட்டினார். கல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம் தெரிந்தது. பல் பிடுங்கிய இடம் போல.

மனைவி பஸ் ஏறி யார்டுக்குப் போனாள். குழாய்களுக்கும் தார் டிரம்களுக்கும் நடுவில் கல் சாய்ந்து கிடந்தது. யார்டு மேஸ்திரி தடுக்கவில்லை. வேண்டுமானால் இரண்டு டிரம்மையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். சாய்ந்து கிடந்ததால் குனிய வேண்டிய தேவையில்லை. அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

இதற்கிடையே குதிரைப்படை தயாரானது. படை என்றால் தளபதி உண்டு, வீரர்கள் உண்டு, சேணம் உண்டு, மாதாமாதம் குதிரைப் படி உண்டு. குதிரைதான் இல்லை. கடைசிக் குதிரை ஓய்வு பெற்றுப் பல காலம். அதிலிருந்து வீரர்கள் பெஞ்சுகளின் மேல் கால் விரித்து உட்கார்ந்து பயிற்சி எடுத்துவந்தார்கள். பெஞ்சில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பெஞ்சுகூட யாரையும் தள்ளியதில்லை என்று தளபதி பெருமையாகச் சொல்வார்.

விழாவுக்கென்று பந்தய லாயத்தில் கழித்துப்போட்ட குதிரைகளை வாடகைக்கு எடுத்தார்கள். அவை பெஞ்சுகள் அல்ல. ஒத்திகையில் குதிரை கீழே தள்ளியது மட்டும்தான் நடந்தது. குழி பறிக்கும் வேலையைச் சாலைத் துறை முன்பே முடித்திருந்தது. தபால் நிலையத் திருப்பத்தில் சாலைக்குக் குறுக்கே ஓடும் மழைநீர்க் கால்வாயின் மூடி உடைந்து, நடுவில் வாய் பிளந்து கிடந்தது. அதில் ஒரு குதிரையின் கால் இறங்கிவிட்டது. தளபதி கடிதம் எழுதினார். அவசரம் என்று மூன்று முறை அடிக்கோடிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் மனைவி யார்டுக்குப் போனாள். கல் இல்லை. மேஸ்திரியும் இல்லை.

“ஆர்டர் வந்துச்சும்மா, தூக்கிட்டாங்க,” என்றார் காவலாளி.

“எங்க தூக்கிட்டாங்க?”

“தூக்கறதைப் பார்த்தேன். வைக்கறதைப் பார்க்கலையே.”

அவள் சலூனுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்க, கல்லைக் காணோம்,” என்றாள். “பையனைத்தான் தொலைச்சோம். பேரையுமா தொலைக்கணும்?”

சலூன்காரர் மரியாதைப் பிரிவுக்கு ஓடினார். அதிகாரி காகிதத்தில் கத்தரித்த மாலைகளைச் சிலையின் படத்தின் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லு எங்க சார்?”

“பாதுகாப்பான இடத்துல இருக்கும்.”

“எந்த இடம்?”

“இடம் தெரிஞ்சா அப்புறம் அது எப்படிய்யா பாதுகாப்பு? விழா முடியட்டும். ரெண்டு பேரும் நாளைக்கு நல்ல துணி உடுத்திட்டு வாங்க. குடும்பத்தார் வரிசை இருக்கு.”

நல்ல துணி உடுத்திப் போனார்கள். குடும்பத்தார் வரிசையில் தலைவரின் மனைவியும் மைத்துனர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனுக்குக் குடும்பம் இல்லை என்பது முந்தைய உரையிலேயே உறுதியாகியிருந்தது. நாற்காலி காலியாக இருந்தால் கேப்டனுக்கு அவமானம். ஆகவே தலைவர் வீட்டார் பெருந்தன்மையோடு துக்கத்தில் பங்கெடுக்க முன்வந்திருந்தார்கள். மைத்துனர் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சிப்பாய்களின் குடும்பங்களுக்கு ஊர்வலத்தின் கடைசியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். குதிரைகளுக்குப் பின்னால், சாணம் அள்ளுகிறவர்களுக்கு முன்னால்.

“நாங்க பின்னாடி வர்றோமேப்பா,” என்றார் சலூன்காரர், சாணம் அள்ளுகிறவரிடம். “நீங்க அள்ளின பிறகு நடந்தா நல்லாயிருக்கும்.”

“வரிசை மாறக் கூடாதுங்க. உங்களை மிதிக்க விட்டுட்டுத்தான் அள்ளணும்னு பிளான்ல இருக்கு.”

வெண்கலக் கேப்டனைப் பீரங்கி வண்டியில் நிற்கவைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முன்னால் தலைவர் வெள்ளைக் குதிரைமேல் இருந்தார். அவர் மீசையும் சிலையின் மீசையும் ஒரே திசையைக் காட்டின. பின்னால் வீரர்கள், பெஞ்சை நினைத்துக் கொண்டு கால்களை இறுக்கியபடி. வாத்தியக்காரர்கள் சோக கீதம் தொடங்கினார்கள். தளபதி வாளை உயர்த்தினார். மரியாதைக்கு வேட்டுப் போடச் சொன்னார்.

பந்தயக் குதிரைகளுக்கு வேட்டுச் சத்தம் என்றால் ஒரே ஒரு பொருள்தான். குட்டியாக இருந்த காலத்திலிருந்து அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அப்படி ஓர் ஓட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. வண்டி ஒரு சக்கரத்தில் திருப்பம் திரும்பியது. கேப்டன் வாளை நீட்டியபடி பறந்தார். வீரர்களில் பாதிப் பேர் முதல் தெருவிலேயே இறங்கிவிட்டார்கள். இறங்கினார்கள் என்றுதான் மறுநாள் அறிக்கை சொன்னது. பெரிய முரசு அடித்தவர் ஓட நினைத்தார், முரசு கழுத்தில் கட்டியிருந்தது. அவர் கால்மேல் ஒரு குதிரையும் முரசுமேல் இன்னொரு குதிரையும் போயின. முரசு மரியாதைப் பிரிவின் சொத்து என்பதால் அவர்மேல் விசாரணை வைத்தார்கள்.

ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் மட்டும் பதறவில்லை. “வரலாறு காணாத வேகத்தில் நம் வீரர் புதிய இல்லம் நோக்கி விரைகிறார்,” என்றார். தலைவர் புதுச் சதுக்கத்தையும் தாண்டிப் புறவழிச்சாலையில் வெகுதூரம் போய்விட்டார். அவரை அழைத்துவரக் கார் அனுப்பினார்கள். அங்கே சாலை அகலம். கார் ஒரே வெட்டில் திரும்பியது.

சதுக்கத்தில் அவர் ஆற்றிய உரை ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. குரலில் மட்டும் இன்னும் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பீடத்துல என் பேரு இருக்கு. பொறியாளர் பேரு இருக்கு. கான்ட்ராக்டர் பேரு இருக்கு. தியாகிகள் பேரு எங்கன்னு சில பேர் கேக்கறாங்க. நான் கேக்கறேன், அவங்க பேருக்காகவா செத்தாங்க? பேரு வேணும்னு நினைக்கறவன் சாவானா? நாங்க இருக்கோமே, சாகலையே! பின்பக்கம் இடம் விட்டிருக்கோம். நாடு வளரும்போது எழுதுவோம்!”

சலூன்காரரும் மனைவியும் அந்த உரையை நடுவழியில், தபால் நிலையத் திருப்பத்தில் கேட்டார்கள். ஊர்வலம் போய்விட்டது. அவர்கள் மட்டும் வரிசை மாறாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கே யார்டு மேஸ்திரி கால்வாய் மூடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

“நடந்து போவாங்கன்னு சொன்னானுங்க. இப்படி ஓடினா எந்தக் கல்லு தாங்கும்? முனையை உடைச்சுட்டானுங்க.”

உடைந்த துண்டைக் காலால் புரட்டினார். அடிப்பக்கம் மேலே வந்தது. அதில் ‘மறவோம்’ என்று செதுக்கியிருந்தது.

சலூன்காரர் துண்டைப் பார்த்தார். சாலையில் பதித்திருந்த கல்லைப் பார்த்தார். கதவளவு. மேல்பக்கம் எழுத்தில்லாத, கரடான முதுகு. அதன்மேல் லாடத்தின் தடங்கள், வண்டிச் சக்கரத்தின் கீறல், இன்னும் அள்ளப்படாத சாணம்.

“மேஸ்திரி, இது எங்க ரவுண்டானா கல்லு.”

“இருக்கும். குதிரை போக மூடி வேணும்னு ஆர்டர். அவசரம்னு மூணு கோடு போட்டிருந்துச்சு. யார்டுல இந்த அளவுல வேற கல்லு இல்ல.”

“குப்புறப் போட்டிருக்கீங்களே.”

“பின்ன? பேரு மேல இருந்தா குதிரை மிதிக்காதா? மரியாதை அதிகாரியே வந்து நின்னு சொன்னாரு, எழுத்தைக் கீழ போடு, தியாகிகளை மிதிச்ச பாவம் நமக்கு வேண்டாம்னு. எங்களுக்கும் தெரியும்ங்க அதெல்லாம்.”

மேஸ்திரி ‘மறவோம்’ துண்டை எடுத்துப்போய்த் தன் லாரியின் பின்சக்கரத்துக்கு அண்டைகொடுத்தார். அங்கே சாலை சரிவு.

சலூன்காரர் சாலையோரம் போனார். கால்வாய் அந்த இடத்தில் திறந்திருந்தது. மழை இல்லாத காலம், அடியில் சேறு மட்டும்தான். நல்ல துணியோடு இறங்கினார். குனிந்து, பிறகு தவழ்ந்து, சாலைக்கு அடியில் போனார். எலி ஒன்று விலகி வழிவிட்டது. அன்றைக்கு அவருக்கு வழிவிட்டது அது மட்டும்தான். கைபேசியின் விளக்கைப் போட்டு மேலே காட்டினார்.

பெயர்கள் கூரையில் இருந்தன. வரிசையாக, தரையைப் பார்த்தபடி. அவர் மல்லாந்து படுத்துக் கடைசியிலிருந்து எண்ணினார். நடுவில் ஒரு விரிசல் ஓடி நாலைந்து பேரை இரண்டாக்கியிருந்தது. ஒட்டடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலே மனைவி கூப்பிட்டாள். “என்னங்க! இருக்கானா?”

“இருக்கான்,” என்றார் அவர். வாயில் மண் விழுந்தது.

பத்து நாள் கழித்து மரியாதை அதிகாரி முடி வெட்டிக்கொள்ள வந்தார். மனைவி உள்ளே சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“தணிக்கைக்காரங்க உயிரை எடுக்கறாங்க,” என்றார் அதிகாரி. “கல்லு எங்கேன்னு கேக்கறாங்க. மேஸ்திரியை மாத்திட்டாங்க, அந்தாளைப் பிடிக்க முடியல. உங்க கண்ணுல எங்கயாவது பட்டுச்சா?”

மூன்று கோடு போட்ட கடிதமும், தானே திருப்பத்தில் போய் நின்றதும் அவருக்கு நினைவில்லை. அல்லது, அங்கே போடச் சொன்னது ஒரு மூடி, தேடுவது ஒரு கல். இரண்டும் வேறு வேறு பிரிவு.

சலூன்காரர் சீப்பால் வாரிக்கொண்டே கேட்டார். “கிடைச்சா என்ன சார் பண்ணுவீங்க?”

“விடுவோமா? போன தடவை மாதிரி இல்ல, இந்தத் தடவை முழு மரியாதை. குதிரை பத்தாது, பீரங்கியே சுடுவோம். ஊரைச் சுத்தி வருவோம். தலைவர் ரொம்ப ஆசைப்படறாரு. எல்லாரையும் லெப்டினன்ட் ஆக்கிடலாமான்னுகூட பேச்சு இருக்கு. என்ன, லெப்டினன்ட்னா பேருக்கு முன்னாடி எழுத்து கூடும். கல்லுல இடம் இல்ல. கொஞ்சம் பேரை எடுக்கணும்.”

“எந்தப் பேரை எடுப்பீங்க?”

“அடியிலிருந்துதான் எடுக்கணும்.”

கத்தரிக்கோல் சற்று நின்றது. மறுபடி ஓடியது.

“பார்க்கல சார்,” என்றார் சலூன்காரர். “எங்கயும் பார்க்கல.”

அதிகாரியின் தோள் தளர்ந்தது. முகத்தில் நிம்மதி வந்தது.

“நல்லதாப் போச்சு. அப்போ கடமையின்போது மறைந்ததுன்னு எழுதிடறேன். கல்லுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க வழி இருக்கு.”

“அதுல பசங்க பேரு வருமா சார்?”

“எந்தப் பசங்க?”

“அந்தக் கல்லுல இருந்தவங்க.”

“கல்லுக்கு வைக்கிற கல்லுல மனுஷங்க பேரு எதுக்குங்க?” அதிகாரி கண்ணாடியில் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “காதோரம் இன்னும் கொஞ்சம் எடுங்க.”

எடுத்தார். அதிகாரி எழுந்து, துணியை உதறி, தன் தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

“ஏங்க சொல்லல? அங்க லாரி ஏறிட்டே இருக்கு. எடுத்து ஒரு ஓரமாவாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா மரியாதை பண்ணியிருப்பாங்க.”

அவள் பிரித்த சாப்பாட்டை மறுபடி மூடினாள். குழாயடியில் துணியை நனைத்துப் பிழிந்தாள். அவர் கடையைப் பாதி சாத்தினார். இருவரும் வெயிலில் தபால் நிலையத் திருப்பத்துக்கு நடந்தார்கள்.

கால்வாயின் ஓரத்தில் அவர் முதலில் இறங்கிக் கை கொடுத்தார். அவள் உட்கார்ந்து, சறுக்கி, முழங்காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். தவழ்ந்து போவதற்கு வெகுநேரம் ஆயிற்று. மல்லாந்து படுத்த பிறகு மூச்சு வாங்கினாள். ஈரத்துணியால் அவள் எட்டித் துடைத்தாள். கறுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது.

மேலே ஒரு லாரி ஏறியது. கல் உறுமியது. மண் உதிர்ந்து இருவர் முகத்திலும் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, லாரி போகும்வரை கையை மட்டும் அந்த வரியின் மேல் அழுத்தி வைத்திருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள்.

“விளக்கைத் தள்ளிப் பிடிங்க,” என்றாள். “உங்க கை மறைக்குது.”